விதி செய்தவரும் ஆடிப் பார்த்தவரும்

மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் அமர்ந்திருக்கிறார்கள். மேசைமீது பென்சில்கள், தாள்கள், சில பகடைகள், வேறொன்றுமில்லை. அவர்களுள் ஒருவர், “நீங்கள் மலைக்குகை ஒன்றின் வாயிலில் நிற்கிறீர்கள். உள்ளே நீர் சொட்டும் ஓசை கேட்கிறது. என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று கேட்கிறார். மற்றொருவர், “தீவட்டியைக் கொளுத்திக்கொண்டு நான் முன்னே போகிறேன்” என்கிறார். மூன்றாமவர், “நான் வாயிலிலேயே நின்று காவல் காக்கிறேன்” என்கிறார். இவ்வாறு பேச்சினாலேயே நடைபெறும் ஆட்டமொன்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் தோன்றி, இன்று பல நாடுகளிலும் பரவியிருக்கிறது. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இதனை ஆடும் குழுக்கள் உள்ளன. இதனைப் பாத்திரமேற்கும் ஆட்டம் என்று நாம் வழங்கலாம்.

ஆடுவோர் ஒவ்வொருவரும் கதைமாந்தர் ஒருவரைத் தமதாக்கிக்கொள்கிறார். ஒருவர் வாள்வீரர், ஒருவர் மந்திரவாதி, இன்னொருவர் பூட்டுத் திறப்பதில் வல்ல திருடர். வினாவைக் கேட்டவர் நடுவர். குகையும், குகைக்குள் உறங்கும் பூதமும், வழியில் எதிர்ப்படும் ஊர்களும் அவர் பொறுப்பு. இது நாடகம் போன்றது; ஆனால் முன்கூட்டி எழுதிய வசனம் கிடையாது. கதை சொல்வது போன்றது. ஆனால் கதையின் முடிவு சொல்பவருக்கே தெரியாது. ஒரு வாரம் விட்ட இடத்திலிருந்து மறுவாரம் தொடரும். வென்றவர், தோற்றவர் என்று எவரும் இலர்.

அப்படியானால் விதி எதற்கு? சிறுபிள்ளைகள் கள்ளன் போலீஸ் ஆடும்போது, “உன்னைச் சுட்டுவிட்டேன்” என்று ஒருவன் கத்துவான். “குண்டு என்மேல் படவேயில்லை” என்று மற்றவன் மறுப்பான். ஆட்டம் அங்கேயே குலைந்துவிடும். அந்த வழக்கைத் தீர்ப்பதற்கே விதி. வாள் வீச்சு பட்டதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். பகடையில் எந்த எண் விழுந்தால் பட்டதென்று கொள்வது என்பதை விதிநூல் சொல்லும்.

இங்கேதான் இவ்வாட்டத்தின் தனிச் சிக்கல் இருக்கிறது. சதுரங்கத்தில் குதிரை எப்படிப் பாயலாம் என்பது வரையறுக்கப்பட்டது. அதற்குப் புறம்பாக எவரும் எதுவும் செய்ய முடியாது. பாத்திரமேற்கும் ஆட்டத்திலோ ஆடுபவர் எதையும் சொல்லலாம். பூதத்தோடு போர் புரியாமல் அதற்குப் பாட்டுப் பாடிக் காட்டுகிறேன் என்பார். ஆற்றின் அணையை உடைத்துக் குகையை நீரால் நிரப்புகிறேன் என்பார். விதி எழுதுபவர் எத்தனை அறிவாளியாயினும் தம் அறையில் தனித்திருந்து இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்க இயலாது. ஆகவே எழுதியதைப் பிறரிடம் கொடுத்து, அவர்கள் ஆடிப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று சொல்ல, அதற்கேற்பத் திருத்தி, மீண்டும் கொடுக்க வேண்டியிருக்கிறது. இதற்குச் சோதனை ஆட்டம் என்று பெயர். பாடத்திட்டம் எழுதி வகுப்பில் நடத்திப் பார்த்துத் திருத்தும் நம்மவர்க்கு இம்முறை புதிதன்று. எனினும் இதன் வரலாறு நமக்கும் சிலவற்றைக் காட்டக்கூடியது என்று எனக்குத் தோன்றுகிறது.

தோல்வி என்று எண்ணப்பட்ட ஆட்டம்

இதன் வேர் போர்ப் பயிற்சியில் இருக்கிறது. பிரஷ்ய நாட்டுப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் என்பார் 1824ஆம் ஆண்டில் ‘கிரீக்ஸ்பீல்’ என்னும் போர் ஆட்டத்தின் விதிகளை வெளியிட்டார். நிலப்படத்தின்மேல் சிறு கட்டைகளை நகர்த்தி அதிகாரிகள் போரிட்டுப் பழகுவர். நடுவர் ஒருவர் இருந்து விளைவுகளைக் கணித்துச் சொல்வார். விதிகளும் அட்டவணைகளும் மிகுந்து ஆட்டம் சலிப்பூட்டவே, 1876ஆம் ஆண்டில் வெர்டி டு வெர்னுவா என்னும் மற்றோர் அதிகாரி, அட்டவணைகளை ஒதுக்கிவிட்டு நடுவரின் பட்டறிவுக்கே தீர்ப்பை விட்டுவிடலாம் என்றார். விதி பெரிதா, நடுவரின் தீர்ப்பு பெரிதா என்னும் வழக்கு அன்றே தொடங்கிவிட்டது, இன்றும் முடிந்தபாடில்லை.

1880ஆம் ஆண்டில் அமெரிக்கப் படை அதிகாரி டாட்டன் எழுதிய ‘ஸ்ட்ராட்டகோஸ்’ என்னும் நூல், ஆடுபவர் எதைச் செய்யவும் முயலலாம், நடுவர் அதற்குத் தீர்ப்புச் சொல்வார் என்னும் கருத்தை உடையது. இந்நூல் மின்னசோட்டாப் பல்கலைக்கழக நூலகத்தில் திரு. டேவிட் வெஸ்லி என்னும் இளைஞர் கையில் கிடைத்தது. அவரும் நண்பர்களும் மின்னியாப்போலிஸ், செயின்ட் பால் என்னும் இரட்டை நகரங்களில் நெப்போலியன் காலப் போர்களைப் பொம்மைப் படைகளைக் கொண்டு ஆடிவந்தவர்கள்.

1969ஆம் ஆண்டில் வெஸ்லி புதுமையொன்று செய்தார். பிரவுன்ஸ்டைன் என்னும் கற்பனைச் சிற்றூரைப் படைத்து, இரு படைகள் அதனை நெருங்குவதாக வைத்து, ஊரின் தலைவர், வங்கியாளர், பல்கலைக்கழகத் தலைவர் முதலிய பாத்திரங்களை நண்பர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார். ஒவ்வொருவரும் ஒருவர்பின் ஒருவராகத் தம்மிடம் வந்து தம் செயலைச் சொல்வர் என்பது அவர் திட்டம். நடந்ததோ வேறு. நண்பர்கள் அறையெங்கும் கூடிக் கூடிப் பேசினார்கள், இரகசிய உடன்பாடு செய்தார்கள், ஒருவரையொருவர் ஏமாற்றினார்கள். இருவர் தம்முள் சண்டையிட்டு ஒற்றைக்கு ஒற்றை போரிட விரும்பினார்கள்; அதற்கு வெஸ்லியிடம் விதியே இல்லை. அந்த இடத்திலேயே ஒன்றைச் சொல்லிச் சமாளித்தார். படைகள் ஊருக்குள் வந்து சேரவேயில்லை. ஆட்டம் பாழாகிவிட்டது என்று அவர் மனம் நொந்தார். ஆனால் நண்பர்கள் மறுபடியும் எப்போது ஆடுவோம் என்று கேட்டார்கள்.

பாத்திரமேற்கும் ஆட்டம் பிறந்த வேளை எது என்று கேட்டால், இந்த வேளையைத்தான் நான் சுட்டுவேன். எழுதியவரின் திட்டம் தோற்ற இடத்தில் ஆடியவர்களின் ஆவல் பிறந்தது. அவர் தம் திட்டத்தை மட்டும் நோக்கியிருந்தால் அத்தாள்களைக் கிழித்தெறிந்திருப்பார்.

பிளாக்மூரில் நேர்ந்தவை

வெஸ்லி இராணுவப் பணிக்குச் சென்ற பின், அவர் நண்பர்களுள் ஒருவரான திரு. டேவ் ஆர்னெசன் அம்முறையைத் தொடர்ந்தார். 1971ஆம் ஆண்டில் அவர் பிளாக்மூர் என்னும் கற்பனை நாட்டைப் படைத்தார். அங்கே ஒரு கோட்டை; கோட்டையின் அடியில் நிலவறைகள்; நிலவறைகளில் புதையலும் பூதங்களும். போருக்கான விதிகளுக்கு அவர் தொடக்கத்தில் நாடியது ‘செயின்மெயில்’ என்னும் சிறு நூல். திரு. கேரி கைகாக்ஸ், திரு. ஜெஃப் பெரன் ஆகிய இருவர் எழுதி அதே 1971ஆம் ஆண்டில் வெளிவந்தது அது.

அந்நூல் படைகளுக்காக எழுதப்பட்டது. படையில் ஒரு பொம்மைக்கு அடிபட்டால் அதை மேசையிலிருந்து எடுத்துவிடுவார்கள், யாரும் வருந்துவதில்லை. பிளாக்மூரிலோ அந்தப் பொம்மை ஒருவருடைய ‘நான்’ ஆகிவிட்டது. வாரக்கணக்கில் தாம் வளர்த்த வீரன் ஒரே ஒரு பகடை வீச்சில் மாண்டுபோவதை ஆடியவர்கள் ஏற்கவில்லை. ஆர்னெசன் முன்பு இரும்புக் கவசக் கப்பல்களின் போருக்கு விதி எழுதியிருந்தார். கப்பல் ஒரு குண்டில் மூழ்காது. இத்தனை அடி தாங்கும் என்று அதற்கோர் எண் உண்டு. அந்த எண்ணை எடுத்து மனிதனுக்குக் கொடுத்தார். உயிர்ப்புள்ளி என்று நாம் சொல்லத்தக்க இக்கணக்கு இன்று கணினி விளையாட்டுகள் பெரும்பாலானவற்றிலும் இருக்கிறது. கைப்பேசியில் விளையாடும் நம் மாணவன் திரையின் மூலையில் பார்க்கும் சிவப்புப் பட்டை, மின்னசோட்டாவில் சிலர் முகஞ்சுளித்ததனால் வந்தது என்பதை அவன் அறியான்.

இன்னொரு நிகழ்ச்சி எனக்கு மேலும் சுவையாகப்படுகிறது. ஆடுவோருள் ஒருவருடைய பாத்திரம் இரத்தம் குடிக்கும் பேயாக மாறிவிட்டது. நாளடைவில் அதன் ஆற்றல் பெருகி, வேறெவராலும் எதிர்க்க முடியாத நிலை வந்தது. மற்றவர்களுக்கு ஆட்டத்தில் சுவை குன்றிற்று. இத்தகைய நிலையில் நம்மில் பெரும்பாலோர் என்ன செய்வோம்? பேயின் ஆற்றலைக் குறைத்து ஒரு விதி எழுதுவோம். அப்படிச் செய்திருந்தால் பேயாக ஆடியவர் மனம் புண்பட்டிருக்கும். மற்றவர்க்கும் புதிதாக ஒன்றும் கிடைத்திராது. பிளாக்மூரில் அவ்வாறு செய்யவில்லை. பேயை ஓட்டவல்ல சமயகுரு என்னும் புதுப் பாத்திரம் ஒன்றை அமைத்து, மற்றோர் ஆட்டக்காரரிடம் கொடுத்தார்கள். திரைப்படங்களில் சிலுவையேந்திப் பேயை விரட்டும் மனிதர் அதற்கு முன்மாதிரி. இன்றளவும் இவ்வாட்டத்தின் அடிப்படைப் பாத்திரங்களுள் சமயகுரு ஒருவர். ஒரு மேசையில் எழுந்த குறைபாட்டுக்குக் கண்ட மருந்து நூலில் ஓர் அதிகாரமாகிவிட்டது.

நூலானபோது நேர்ந்த குறை

1972ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஆர்னெசன் விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்னும் ஊருக்குச் சென்று, கைகாக்ஸின் இல்லத்தில் பிளாக்மூரை ஆடிக்காட்டினார். கைகாக்ஸ் காப்பீட்டு நிறுவன வேலையை இழந்து, வீட்டிலேயே காலணி பழுதுபார்த்துப் பிழைத்துவந்த காலம் அது. ஆட்டத்தில் மனம் பறிகொடுத்த அவர், ஆர்னெசனின் கையெழுத்துக் குறிப்புகளை வாங்கி, ஐம்பது பக்க வரைவு ஒன்றைத் தட்டச்சில் உருவாக்கினார். முதலில் ஆடிப் பார்த்தவர்கள் அவருடைய சொந்தப் பிள்ளைகள் இருவர். மறுநாள் நண்பர்கள் சேர்ந்தார்கள். பின்பு கூட்டம் பெருகி ஒரு நடுவர் போதாமல் இன்னொருவரும் வேண்டியதாயிற்று. 1973ஆம் ஆண்டில் வரைவு ஏறத்தாழ 150 பக்கமாக விரிந்து, பிற ஊர்களின் அன்பர்களுக்கும் சோதனைக்காக அனுப்பப்பட்டது.

ஈண்டு ஆசிரியர்கள் மகிழத்தக்க செய்தியொன்று உண்டு. இவ்வாட்டத்தில் நான்கு, எட்டு, பன்னிரண்டு, இருபது முகங்கள் கொண்ட பகடைகள் வழங்குகின்றன. இவற்றைக் கைகாக்ஸ் கண்டெடுத்தது பள்ளிக்கூடங்களுக்குப் பயிற்றுக் கருவி விற்கும் நிறுவனம் ஒன்றின் விலைப்பட்டியலில்! கணித வகுப்பில் ஒழுங்குத் திண்மங்களைக் காட்டுவதற்காகச் செய்யப்பட்டவை அவை.

1974ஆம் ஆண்டு ஜனவரியில் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் பெயரில் மூன்று சிறு நூல்கள் ஒரு பெட்டியில் வெளிவந்தன. ‘நிலவறைகளும் டிராகன்களும்’ என்பது பொருள். அச்சிட்டவை 1,000 பிரதிகள். விலை பத்து அமெரிக்க வெள்ளி. ஓராண்டுக்குள் அவை விற்றுத் தீர்ந்தன.

நிற்க. இரண்டு மூன்றாண்டுகள் பல மேசைகளில் ஆடிப் பார்த்துத் திருத்திய நூல் அல்லவா? தெளிவாக இருந்திருக்க வேண்டும். ஆனால் வாங்கியவர்களுள் பலர் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். போர் விதிகளுக்குச் ‘செயின்மெயில்’ நூலைப் பார்க்கச் சொன்னது அந்நூல். காட்டு வழிப் பயணத்துக்கு வேறொரு நிறுவனம் 1972ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘அவுட்டோர் சர்வைவல்’ என்னும் ஆட்டத்தின் பலகையை வாங்கச் சொன்னது. யார் முதலில் அடிப்பது, ஒரு சுற்றில் என்னென்ன செய்யலாம் என்பன போன்ற அடிப்படைகளே மங்கலாக இருந்தன.

காரணம் என்ன? சோதனையில் கலந்துகொண்டோரில் மிகப் பலர் ஆட்டத்தை நூலிலிருந்து கற்றவர்கள் அல்லர். ஆடத் தெரிந்தவரின் பக்கத்தில் அமர்ந்து வாய்மொழியாகக் கற்றவர்கள். ஐயம் வந்தால் கைகாக்ஸோ ஆர்னெசனோ எதிரிலேயே இருந்தார். ஆட்டம் சோதிக்கப்பட்டது, எழுத்துச் சோதிக்கப்படவில்லை. இவ்விரண்டும் வேறு என்பதை நான் ஒரு முறை பட்டுத் தெரிந்துகொண்டேன். என் வகுப்பில் ஓராண்டு முழுதும் நன்றாக நடந்த சொல்லாட்டம் ஒன்றை, பக்கத்துத் தோட்டப் பள்ளியின் ஆசிரியர் ஒருவருக்கு எழுதிக் கொடுத்தேன். இரு வாரங் கழித்து அவரைக் கண்டபோது, “சார், பத்து நிமிடத்தில் அட்டைகள் தீர்ந்துவிடுகின்றன, அப்புறம் பிள்ளைகள் சும்மா இருக்கிறார்கள்” என்றார். எடுத்த அட்டையை மீண்டும் கட்டுக்குள் வைக்க வேண்டும் என்பதை நான் எழுதவேயில்லை! என் மாணவர்க்கு அது பழக்கமாகிவிட்டதனால் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவுமில்லை.

இக்காலத்து ஆட்டம் இயற்றுவோர் இதற்கோர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். இயற்றியவரை அறியாத ஒரு குழுவிடம் விதிநூலை மட்டும் அனுப்பிவிடுவார்கள். இயற்றியவர் அங்கே போகக் கூடாது. விளக்கமும் சொல்லக் கூடாது. இதனைக் குருட்டுச் சோதனை என்பர். சிலர் அருகில் அமர்ந்து பார்ப்பதுண்டு. ஆனால் வாய் திறவார். ஆடுபவர் நூலைப் புரட்டும் ஒவ்வொரு தடவையும் பக்க எண்ணைக் குறித்துக்கொள்வார். தவறாக ஆடினாலும் திருத்தமாட்டார். இது மிகக் கடினமான நோன்பு. வகுப்பறைக்குப் பின்னால் அமர்ந்து பயிற்சி ஆசிரியரின் பாடத்தைக் கவனிக்கும்போது நாக்கைக் கட்டிவைக்கத் தெரிந்தவர்களுக்கே இதன் அருமை விளங்கும்.

1974ஆம் ஆண்டின் நூலுக்குக் குருட்டுச் சோதனை நடந்தது, விற்ற பிறகுதான் என்று சொல்லலாம். வாங்கியவர்களே சோதனையாளர்கள் ஆனார்கள். கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஒரு குழுவினர் தாங்கள் புரிந்துகொண்டபடி விதிகளை மாற்றியமைத்து, 1975ஆம் ஆண்டில் ‘வார்லாக்’ என்று வெளியிட்டனர். அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் திரு. கென் செயின்ட் ஆண்ட்ரே நூலைப் படித்துக் குழம்பி, எளிய ஆறுமுகப் பகடையால் ஆடத்தக்க ‘டன்னல்ஸ் அண்ட் டிரோல்ஸ்’ என்னும் ஆட்டத்தை அதே ஆண்டில் தாமே எழுதிவிட்டார். லாஸ் ஏஞ்சலிஸில் திருமதி லீ கோல்ட் 1975ஆம் ஆண்டில் ‘அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்’ என்னும் மாத இதழைத் தொடங்கினார். அன்பர்கள் ஆளுக்குச் சில பக்கம் எழுதியனுப்ப, அவற்றைச் சுருளச்சில் எடுத்துத் தொகுத்து அனைவர்க்கும் அனுப்புவார். ஸ்டென்சில் வெட்டிச் சைக்ளோஸ்டைல் இயந்திரத்தைச் சுற்றிக் கை கறுத்த மூத்த ஆசிரியர்களுக்கு அந்த மையின் வாசனை நினைவிருக்கும். ஒரு மேசையின் தீர்ப்பை நூறு மேசைகள் அறிந்தது இத்தகைய இதழ்களால்தான்.

சான்டா மோனிக்கா நகரில் ஏரோ ஹாபீஸ் என்னும் கடையில் கூடிய ஆட்டக்காரர்கள் திருடன் என்னும் பாத்திரத்தை அமைத்தார்கள். அக்கடையைச் சேர்ந்த திரு. கேரி சுவிட்சர் 1974ஆம் ஆண்டில் தொலைபேசி வாயிலாகக் கைகாக்ஸுக்கு அதைச் சொல்ல, அவர் தம் முறையில் எழுதி 1975ஆம் ஆண்டின் ‘கிரேஹாக்’ துணைநூலில் சேர்த்தார். இதைப் பற்றி இன்றும் வாதம் உண்டு. அதற்கு முன்பு சுவரேறுகிறேன், ஒளிந்து நடக்கிறேன் என்று யார் சொன்னாலும் நடுவர் ஏதோ ஒரு தீர்ப்புச் சொல்வார். சுவரேறுவது திருடனுக்குரிய திறன், அதற்கு இத்தனை சதவீதம் என்று விதி வந்ததும், மற்றவர்கள் சுவர்ப்பக்கம் போவதையே விட்டுவிட்டார்கள். ஒருவனுக்குத் திறனை எழுதிக் கொடுத்தது மற்றவரிடமிருந்து அதைப் பறித்ததாயிற்று. ஆடியவர்கள் ஆசையோடு கேட்டுப் பெற்ற விதிதான் இது என்பதை மறக்கலாகாது.

தெளிவான தொடக்கநூல் வந்தது 1977ஆம் ஆண்டில். எழுதியவர் திரு. ஜே. எரிக் ஹோம்ஸ், நரம்பியல் பேராசிரியர். தாமும் ஆடி, நூலின் குழப்பத்தை உணர்ந்து, புதியவர்களுக்காக நான் எழுதித் தருகிறேன் என்று பதிப்பாளரிடம் தாமாகவே முன்வந்தவர். மூன்றாம் நிலை வரை மட்டும் விளக்கும் 48 பக்க நூல் அது. பின்னர் ஒரு கால் பகடைகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, அப்பெட்டியில் எண் அச்சிட்ட அட்டைத் துண்டுகளை வைத்து, கோப்பையிலிட்டுக் குலுக்கி எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அதையும் வைத்து ஆடினார்கள்.

ஆயிரக்கணக்கானோரைக் கேட்பது எப்படி?

பின்னாளில் இப்பழக்கம் முறையான ஏற்பாடாயிற்று. பைசோ என்னும் அமெரிக்கப் பதிப்பகம் ‘பாத்ஃபைண்டர்’ ஆட்டத்தின் வரைவை 2008ஆம் ஆண்டில் எல்லாருக்கும் திறந்துவிட்டு, ஓராண்டுக்கு மேல் கருத்துக் கேட்டு, 2009ஆம் ஆண்டு ஆகஸ்டில் நூலாக்கிற்று. ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்புக்காக 2012ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கிய பொதுச் சோதனையில் 1,75,000 பேருக்கு மேல் பங்குகொண்டனர் என்று 2014ஆம் ஆண்டில் வந்த அந்நூலே கூறுகிறது.

அச்சோதனைக் காலத்தில் நிலைபெற்ற விதியொன்றைக் கணித ஆசிரியர்கள் விரும்புவர். பழைய பதிப்புகளில் சூழ்நிலைக்கேற்பச் சிறுசிறு எண்களைக் கூட்டியும் கழித்தும் ஆட வேண்டும். மேட்டில் நின்றால் ஒன்று கூட்டு, எதிரி விழுந்து கிடந்தால் இன்னும் சில கூட்டு, இருட்டாயின் குறை. கணக்கு நீள நீளக் கதை நின்றுபோகும். புதிய விதி இதற்குப் பதிலாக, சாதகமான நிலையில் இருப்பவர் இருபதுமுகப் பகடையை இரு முறை உருட்டிப் பெரிய எண்ணைக் கொள்ளலாம் என்றது. பதினொன்று அல்லது அதற்கு மேல் தேவை என்று வைத்துக்கொள்வோம். ஒரு பகடையில் வெல்லும் வாய்ப்பு சரிபாதி. இரண்டில், இரண்டும் தவறினால்தான் தோல்வி. தவறும் வாய்ப்பு கால், வெல்லும் வாய்ப்பு முக்கால். இருபதே தேவையாயின் வாய்ப்பு இருபதில் ஒன்றிலிருந்து 400இல் 39ஆக, ஏறத்தாழ இருமடங்காக உயரும். ஆயினும் அரிதாகவே இருக்கும். இரண்டு போதுமாயின் 95 சதவீதம் 99.75ஆகும், பெரிய மாற்றமில்லை. நடுத்தரமான முயற்சிக்கே உதவி மிகுதி. இவ்வளவும் உள்ளடங்கியிருந்தாலும், ஆடுபவர் அறிய வேண்டியது ‘இரண்டை உருட்டு, பெரியதை எடு’ என்னும் இரண்டே சொற்றொடர். பத்து வயதுக் குழந்தைக்கும் ஒரே தடவையில் விளங்கிவிடும்.

எல்லா விதிகளுக்கும் இந்த நல்வாய்ப்பு அமைவதில்லை. ‘பாத்ஃபைண்டர்’ இரண்டாம் பதிப்பின் சோதனை 2018ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கியது. முதற்பதிப்பில் ஆட்டக்காரர்கள் புண் ஆற்றும் மலிவான மந்திரக்கோல்களை மூட்டை மூட்டையாக வாங்கிவைத்து, ஒவ்வொரு சண்டைக்குப் பின்னும் முழு நலம் பெற்றுவந்தனர். அபாயம் என்பதே இல்லாமற் போயிற்று. அதைத் தடுக்க, மந்திரப் பொருள் எதைப் பயன்படுத்தினாலும் நாளொன்றுக்கு இத்தனை புள்ளி என்று கொடுத்து, செலவழித்துக்கொள்ளச் சொல்லும் ‘ரெசனன்ஸ்’ என்னும் விதியை வைத்தார்கள். ஆடியவர்கள் கொதித்தெழுந்தார்கள். புள்ளி தீர்ந்தபின், சாகக் கிடக்கும் வீரன் கையில் மருந்துக் குப்பி இருந்தும் அது பலிக்காமற் போகலாம் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

இங்கே இயற்றியவர்கள் நடந்துகொண்ட முறை கவனிக்கத்தக்கது. அவ்விதியை நீக்கினார்கள். ஆனால் அதற்குக் காரணமாயிருந்த குறையை மறக்கவில்லை. மருத்துவத் திறனால் மந்திரமின்றியே புண்ணை ஆற்றும் வழியொன்றைச் சோதனையின் இடையிலேயே சேர்த்தார்கள். மந்திரக்கோல் மூட்டைக்குத் தேவை குறைந்தது. அணியும் மந்திரப் பொருள்களுக்கு மட்டும் நாளொன்றுக்குப் பத்து என்று எல்லை வைத்தார்கள். 2019ஆம் ஆண்டில் வந்த நூல் அவ்வாறே அமைந்தது. இந்த இடம் உறுத்துகிறது என்று ஆடுபவர் சொன்னால் அது பெரும்பாலும் உண்மை. ஆகவே இப்படி மாற்றுங்கள் என்று அவரே சொல்லும் மருந்து பெரும்பாலும் பொருந்துவதில்லை. செருப்பு கடிக்கிறது என்று சொல்ல அணிந்தவரே தக்கவர். எங்கே தட்ட வேண்டும் என்பது தைத்தவருக்குத் தெரியும். காலணி பழுதுபார்த்த கைகாக்ஸ் இவ்வுவமையை மறுக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

அச்சோதனையில் ஏழு பகுதிகள் கொண்ட கதையொன்றும் இருந்தது. பகுதிதோறும் விதிகளின் ஒவ்வொரு கூற்றை அளப்பது நோக்கம். ஒரு பகுதியில் எதிரிகள் அலையலையாக வந்துகொண்டேயிருப்பர். வீரர்கள் எவ்வளவு நேரம் தாங்குகிறார்கள் என்று பார்ப்பதற்கு. மகிழ்வதற்காக வந்தவர்களுக்கு இது கசந்தது. சோதனைக்கு ஆடுவதும் இன்பத்துக்கு ஆடுவதும் ஒன்றல்ல என்பதை முன்னரே சொல்லிவிடுவது நலம்.

வாக்கெடுப்பிலும் ஒரு குறை உண்டு. 2024ஆம் ஆண்டின் புதுப்பதிப்புக்காக நடந்த சோதனையில், ஒரு விதி 70 சதவீதத்தினரின் மனநிறைவையாவது பெற வேண்டும் என்று அளவு வைத்துக்கொண்டதாக அதன் ஆசிரியர்கள் கூறினர். நல்ல அளவுதான். ஆனால் வினாத்தாளை நிரப்பி அனுப்புவோர் யார்? ஏற்கெனவே ஆடத் தெரிந்தவர்கள். ஆட்டத்தின்மேல் பற்று மிக்கவர்கள். நாளைக்குப் புதிதாக நூலைத் திறக்கப்போகும் சிறுவனுக்கு அங்கே வாக்கில்லை. பழகியவருக்குப் பழகியதே இனிக்கும். அதனால்தான் ஹோம்ஸ் போன்ற ஒருவர் தேவைப்படுகிறார் என்பது என் எண்ணம்.

யாருடைய ஆட்டம்?

பலர் கை பட்டு உருவான பொருள் யாருக்கு உரியது என்னும் வழக்கும் இவ்வரலாற்றிலேயே இருக்கிறது. முதல் நூலின் அட்டையில் கைகாக்ஸ், ஆர்னெசன் ஆகிய இருவர் பெயரும் இருந்தன. பின்வந்த விரிவான பதிப்பில் தமக்குரிய பங்கு மறுக்கப்பட்டது என்று ஆர்னெசன் 1979ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தார். 1981ஆம் ஆண்டில் சமரசமாயிற்று. பேயாக ஆடியவரும், சமயகுருவாக எதிர்நின்றவரும், திருடனைப் படைத்த கடைக்காரரும் வழக்கு மன்றம் செல்லவில்லை.

2000ஆம் ஆண்டில் அப்போதைய உரிமையாளரான விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம், ஆட்டத்தின் அடிப்படை விதிகளைப் பிறரும் எடுத்தாண்டு நூல் வெளியிடலாம் என்று பொது உரிமம் ஒன்றை வழங்கியது. ‘பாத்ஃபைண்டர்’ தோன்றியதும் அதனடியாகவே. 2023ஆம் ஆண்டு ஜனவரியில் அவ்வுரிமத்தைச் செல்லாததாக்கி, கட்டுப்பாடு மிகுந்த வேறொன்றைக் கொண்டுவர அந்நிறுவனம் முற்பட்டது தெரியவந்தது. எதிர்ப்பு பெருகவே, புதிய உரிமத்தின் வரைவையும் ஆட்ட விதி போலவே மக்கள் முன் வைத்துக் கருத்துக் கேட்டார்கள். 15,000க்கு மேற்பட்டோர் விடையளித்தனர்; பழைய உரிமத்தை நீக்குவதில் தமக்கு மனநிறைவில்லை என்றவர் 89 சதவீதத்தினர். ஜனவரி 27ஆம் நாள் நிறுவனம் தன் திட்டத்தைக் கைவிட்டது. அதோடு, ஏறத்தாழ 400 பக்கங்கள் கொண்ட அடிப்படை விதித்தொகுப்பை, திரும்பப் பெற முடியாத பொது உரிமம் ஒன்றின்கீழ் வெளியிட்டது. உயிர்ப்புள்ளியும் சமயகுருவும் திருடனும் அதில் இருக்கின்றனர். அதனை எவரும் எடுத்து, திருத்தி, எம்மொழியிலும் பெயர்த்து, அச்சிட்டு விற்கலாம்; எங்கிருந்து எடுத்தது என்று குறிப்பிட்டால் போதும்.